அழித்து எழுதக் கூடாது

ஃபுகுவோகா
செப்டம்பர் 4

அன்புள்ள துல்சா அக்காவுக்கு,

தம்பி லோகேந்திரா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, தலைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. காரணம் கீழே வருகிறது. உன் முதுகு வலி தேவலையா? போன் செய்தால் எப்போதும் அத்தானே எடுக்கிறார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார். நீயும் 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால் நீ சொன்னபடியே உன் சிநேகிதி சந்திரகலா அக்காவின் தையல் கடை முகவரிக்குக் கடிதம் போடுகிறேன்.

மார்ச் மாதம் கல்லூரி முடிகிறது. அதற்குள் ஒரு நிறுவனம் என்னை எடுத்துக்கொள்ளாவிட்டால் விசாவும் முடிந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு காட்மாண்டு விமானம் ஏற வேண்டியதுதான். நான்கு வருஷம் இங்கே பட்ட பாடு அத்தனையும் வீண்.

வேலை கேட்க ஒரு பயோடேட்டா போதும் என்று நினைத்திருந்தேன். இங்கே அது வேறு. கட்டம் போட்ட தாள் கடையில் விற்கிறார்கள். அதில் கருப்புப் பேனாவால் கையாலேயே எழுத வேண்டும். ஓர் எழுத்தில் ஒரு கோடு பிசகினாலும் வெள்ளை மை தடவக் கூடாது, அழித்து எழுதக் கூடாது. கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும். கல்லூரியில் வேலைவாய்ப்பைக் கவனிக்கும் கிடாஜிமா டீச்சரிடம் ஏன் என்று கேட்டேன். "தடவி மறைச்சா, தப்பு பண்ணிட்டு மறைக்கிற ஆளுன்னு நெனச்சுப்பாங்க, ராணா சான்" என்றார். இங்கே நான் லோகே இல்லை, ராணா சான். என் குப்பைக் கூடை நிரம்பி வழிகிறது.

நான் பிறந்தது நம் கணக்கில் 2056. பாஸ்போர்ட்டில் 1999. இங்கே அரசர் பட்டத்துக்கு வந்த வருஷத்திலிருந்து எண்ணுகிறார்கள், அதன்படி ஹெய்செய் 11. நடுவில் அரசர் மாறியதும் 'ரெய்வா' என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டார்கள். நேற்று எழுதிய தாளின்படி நான் பிறப்பதற்கு முன்பே பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருக்கிறேன். நீ ஒரு காலத்தில் டீச்சர், தேதிகள் ஞாபகம் இருக்கும். நான் பத்து முடித்ததும் பதினொன்றில் சேர்ந்ததும் எந்த வருஷம், எந்த மாதம் என்று எழுது.

இன்னொன்று. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஒரு வருஷம் காலியாக இருக்கிறது. டீச்சர் அங்கேயே விரலை வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை. அத்தானின் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன், அப்புறம் அவரே மனசு மாறிப் பள்ளியில் சேர்த்துவிட்டார் என்று சொன்னேன். தங்கும் விடுதிகளில் வேலை தேடுகிறவனுக்கு அதுவும் அனுபவம்தானாம். அத்தானிடம் ஒரு சான்றிதழ் எழுதி வாங்கி அனுப்பு. இரண்டே வரி போதும்.

டீச்சர் கொடுத்தது பழைய தாள். அதில் குடும்பத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. இருப்பது நீ ஒருத்திதானே. பெயர் துல்சா, உறவு அக்கா, வேலை என்ற இடத்தில் 'வீட்டில் இருக்கிறார்' என்று எழுதிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.
உன் தம்பி,
லோகே


புட்வல்
2080 அசோஜ் 3

பிரியமுள்ள லோகே,

உன் கடிதத்தைச் சந்திரகலா ஒரு ஜாக்கெட் துணிக்குள் சுருட்டிக் கொடுத்தாள். முதுகு அப்படியேதான் இருக்கிறது. மழை விட்டுவிட்டது. நீ இளைத்திருப்பாய் என்று தெரியும், இல்லை என்று பொய் எழுதாதே.

பத்தாம் வகுப்புப் பரீட்சை 2072 சைத் மாதம். பதினொன்றில் சேர்ந்தது 2074 சாவன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உன் அரசர் கணக்குக்கு நீயே மாற்றிக்கொள்.

பொழுதுபோக்குக்குக் கட்டம் இல்லையா? இருந்தால் 'அக்காவைத் தொந்தரவு செய்தல்' என்று போடு. சின்ன வயசிலிருந்து விடாமல் செய்கிறாய், அனுபவத்திலும் சேரும்.

சான்றிதழை அப்புறம் பார்க்கலாம். கடையில் கூட்டம்.

'வீட்டில் இருக்கிறார்' என்று எழுதினாயா? கையெழுத்தாவது நன்றாக வந்ததா?

ஒன்று கேட்கிறேன். சேர்ந்ததையெல்லாம் எழுதச் சொல்கிறார்கள், சரி. ஓர் இடத்தைவிட்டு வந்திருந்தால் அதையும் எழுத வேண்டுமா? ஏன் வந்தாய் என்று கேட்பார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

கம்பளிச் சட்டையை வெளியே எடுத்து வை.
அக்கா


ஃபுகுவோகா
அக்டோபர் 10

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு ஜலதோஷம். படித்ததும் பாதி விட்டுவிட்டது. முதுகுக்குக் கடுகெண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை பிறருக்குச் சொல்வதோடு சரியா?

நீ கேட்டதற்குப் பதில்: விட்டு வந்ததையும் எழுதியே ஆக வேண்டும். ஆனால் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. 'சொந்தக் காரணங்களால் விலகினேன்' என்று ஒரே ஒரு வரி. முதலாளியோடு சண்டையானாலும் அதே வரிதான், கால் உடைந்தாலும் அதே வரிதான். எனக்கு இது விளங்கவேயில்லை. இத்தனை நோண்டிக் கேட்கிற தாள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எப்படிப் பெருந்தன்மையாக இருக்கிறது? எல்லாம் எழுதி முடித்ததும் வலது ஓரத்தில் 'அவ்வளவுதான்' என்று எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று அர்த்தமாம்.

இதைவிடக் கூத்து, கடைசியில் 'உங்கள் விருப்பம்' என்று ஒரு பெரிய கட்டம். அப்பாடா, நம்மையும் ஒரு வார்த்தை கேட்கிறார்களே என்று, மொழி வகுப்புக்குப் போக சனிக்கிழமை லீவு வேண்டும், நேப்பாளச் சமையலுக்கு அடுப்பு உள்ள அறை வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். கிடாஜிமா டீச்சர் படித்துவிட்டுத் தாளைத் தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார்.

"விருப்பம்னு இருக்கிற கட்டத்துல விருப்பத்த எழுதக் கூடாது."

"அப்ப அந்தக் கட்டம் எதுக்கு டீச்சர்?"

"நிறுவனத்தோட விதிப்படி நடந்துக்கறேன்னு எழுதறதுக்கு."

அவர் சிரிக்கவில்லை. நான் வெளியே வந்து நடைபாதையில் நின்று வெகுநேரம் யோசித்தேன். இப்போதும் புரியவில்லை.

சான்றிதழ் என்ன ஆயிற்று? அத்தானிடம் பேசக் கூச்சமாக இருந்தால் சொல், நானே பேசுகிறேன்.

உன் தம்பி,
லோகே


புட்வல்
2080 கார்த்திக் 9

பிரியமுள்ள லோகே,

தசைன் பண்டிகை முடிந்தது. நீ இல்லாத நான்காவது தசைன். இந்த வருஷம் சந்திரகலாவின் அம்மா கையால் திலகம் வைத்துக்கொண்டேன். ஆட்டுக்கறியில் உப்புக் கூடிவிட்டது. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

பாய்டீகா அன்று உனக்குத் திலகமிட நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். இந்த உறைக்குள் வாடாமல்லி கொஞ்சம் வைத்திருக்கிறேன். தபாலில் நசுங்கினாலும் நிறம் போகாது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, நானே வந்து வைத்ததாக நினைத்துக்கொள். வால்நட் கிடைத்தால் வாசலில் ஒன்று உடை. ஜப்பான்காரன் சண்டைக்கு வந்தால் பழியை என்மேல் போட்டுவிடு.

எனக்குத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள். முன்பு வேலை பார்த்தவள். அப்புறம் ஆறு வருஷம் அடுப்படியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவள் இந்தத் தாளை எழுதினால் அந்த ஆறு வருஷத்துக்கு என்ன எழுதுவாள்? உன் டீச்சரைக் கேட்டுச் சொல். அவசரமில்லை. ஆனால் மறக்காதே.

அக்கா


ஃபுகுவோகா
நவம்பர் 15

அன்புள்ள அக்கா,

இன்று பாய்டீகா. வாடாமல்லியைத் தலையில் வைத்துக்கொண்டு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வால்நட்டை வாசலில் வைத்துச் செருப்புக் காலால் உடைத்தேன். என் அறைத் தோழன் தோவான் வியட்நாம்காரன். வேலை கிடைக்காமல் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவுகட்டி டீ போட்டுக் கொடுத்தான். நான் சுகம். ஆனால் மனசு சரியில்லை.

இரண்டு இடங்களிலிருந்து பதில் வந்தது. முதல் கடிதத்தின் கடைசி வரியில் 'தங்கள் எதிர்காலம் சிறக்கப் பிரார்த்திக்கிறோம்' என்று இருந்தது. எனக்காகப் பிரார்த்தனை செய்கிறார்களே, வேலை கிடைத்துவிட்டது என்று தோவானைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அவன்தான் விளக்கினான், வேலை இல்லை என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்களாம். இப்போது இரண்டு நிறுவனங்கள் எனக்காகப் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கின்றன. யாரும் திட்டவில்லை, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் வேலை இல்லை. நான் யாரோடு சண்டை போடுவது?

உன் சிநேகிதியைப் பற்றி டீச்சரிடம் கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை என்று மட்டும் எழுதவே கூடாதாம். "சமைச்சிருப்பாங்க, சாமான் வாங்கியிருப்பாங்க, ஆளுங்கள வேலை வாங்கியிருப்பாங்க. செஞ்சத செஞ்சேன்னு எழுதச் சொல்லுங்க. இப்ப வேலைக்கு வர முடியும்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க" என்றார். அந்தச் சிநேகிதி யார்? எனக்குத் தெரிந்தவளா?

இன்னொன்று கேட்க வேண்டும். தசைனுக்கு உன் மாமியார் கையால்தானே திலகம் வாங்குவாய்? சந்திரகலாவின் அம்மா எங்கே வந்தார்? சான்றிதழ் பற்றி நான் கேட்பதற்கும் நீ பதிலே எழுதுவதில்லை. அந்தக் காலி வருஷத்தைப் பார்த்துத்தான் இரண்டு பேரும் பிரார்த்தனையில் இறங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அக்கா, என் நிலைமை உனக்குப் புரிகிறதா?

லோகே


ஃபுகுவோகா
டிசம்பர் 20

அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

நேற்று வீட்டுக்கு போன் செய்தேன். அத்தான் எடுத்தார். சான்றிதழ் பற்றி ஆரம்பிப்பதற்குள், "உங்க அக்கா இங்க இல்ல. எங்க போனான்னு என்னக் கேக்காத. உன்னப் படிக்க வச்சதே நான். அந்த நன்றி உங்க ரெண்டு பேருக்குமே இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

இல்லை என்றால் என்ன அர்த்தம்? கோயிலுக்குப் போயிருக்கிறாயா? ஆஸ்பத்திரியா? கடைசியாக எழுதியபோது கறியில் உப்புக் கூடியது என்றுதானே எழுதினாய். உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படிக்கிறேன். உன் மாமியார் பேச்சில்லை, அத்தான் பேச்சும் ஒரு வரிகூட இல்லை. எனக்கு இப்போதுதான் அது கண்ணில் படுகிறது.

ஜனவரி நடுவில் பெப்பு ஊரில் ஒரு வெந்நீர் ஊற்று விடுதியில் நேர்முகத் தேர்வு. இதுவும் போனால் வேறு இடமில்லை என்று டீச்சரே சொல்லிவிட்டார். போகட்டும். முதலில் நீ எங்கே இருக்கிறாய் என்று சொல்.

லோகே


புட்வல், சந்திரகலா தையல் கடை மாடி
2080 பூஸ் 20

பிரியமுள்ள லோகே,

பயப்படாதே. நான் முழுசாக இருக்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, நானும் யாரையும் அடிக்கவில்லை. இந்த மாடி அறையில் வெயில் நன்றாக வருகிறது. முதுகு வலிகூடக் குறைந்திருக்கிறது, எண்ணெய் தேய்க்காமலே.

தசைனுக்கு முன்பே வந்துவிட்டேன். உன் தேர்வெல்லாம் முடிந்தபின் சொல்லலாம் என்று இருந்தேன். உன் அத்தான் முந்திக்கொண்டார். ஏன் வந்தாய் என்று கேட்காதே. ஒரு வரி போதும் என்று எழுதினவன் நீதான். படித்தபோது சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன். ஊரில் ஆளுக்கொரு காரணம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் அந்த ஒரு வரியைத்தான் சொல்கிறேன்.

சான்றிதழ் இனி வராது. அதற்காகக் கவலைப்படாதே. அந்த வருஷத்துக்கு நானே சாட்சி. பள்ளியில் பாடம் முடித்துவிட்டு வருவேன், நீ கை ஊறிப்போய்ப் பின்கட்டில் உட்கார்ந்திருப்பாய். பேச மாட்டாய். புத்தகம் பக்கத்தில் திறந்தே கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. தேர்வில் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல். பாத்திரம் கழுவினதில் கேவலம் ஒன்றுமில்லை.

பெப்புவில் குளிரா? கழுத்தை மூடிக்கொண்டு போ.

அக்கா


ஃபுகுவோகா
ரெய்வா 6, ஜனவரி 25

அன்புள்ள அக்கா,

நீ முழுசாக இருக்கிறாய் என்று படித்தபின்தான் சாப்பாடு இறங்கியது. உன் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே தேர்வுக்குப் போனேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதினாலாவது புரிகிறதா பார்க்கலாம்.

விடுதி நடத்துகிற அம்மாள்தான் கேள்வி கேட்டார். அறுபது வயசிருக்கும், கிமோனோ கட்டியிருந்தார். நான் கதவை மூன்று முறை தட்டி, சொல்லும்வரை உட்காராமல் நின்று, குனிய வேண்டிய அளவு குனிந்தேன். அவர் என் தாளை எடுத்துக்கொண்டு நேராக அந்தக் காலி வருஷத்துக்குப் போனார். அக்காவின் வீட்டுக்காரர் கடையில் பாத்திரம் கழுவினேன், அதற்கடுத்த வருஷம் பள்ளிக்குப் போனேன் என்று சொன்னேன். இந்த இடத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். இவர் போகவில்லை.

"நீங்க பள்ளிக்கூடம் போனப்புறம் பாத்திரத்த யாரு கழுவினாங்க?" என்று கேட்டார்.

விடுதி நடத்துகிறவருக்கு அதுதான் முதலில் தோன்றுமாக்கும். ஓர் ஆள் போனால் அந்த இடத்துக்கு யார் என்று. எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே அக்கா. யோசித்துப் பார்த்தேன். புது ஆள் யாரும் வரவில்லை. 2074 சாவன், நான் பதினொன்றில் சேர்ந்த மாதம். நீ பள்ளி வேலையை விட்டதும் அதே சாவன்தான். பாடம் நடத்தி நடத்தி அலுத்துவிட்டது, தொண்டை வலிக்கிறது என்றாய். நானும் நம்பிவிட்டேன். அத்தான் மனசு மாறிவிட்டார் என்றும் நம்பிவிட்டேன். அவர் ஆளைத்தான் மாற்றியிருக்கிறார்.

"எங்க அக்கா" என்று சொன்னேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. சரியாக ஜப்பான் மொழியில் அழக்கூடத் தெரியவில்லை. அவர் டீயை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத் தாளை மடித்துவிட்டார். கதவருகே குனிய மறந்து வெளியே வந்துவிட்டேன். இந்த வேலையும் போயிற்று என்றுதான் நினைக்கிறேன். டீச்சர் கேட்டதற்கு, எப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை என்றேன்.

ஆறு வருஷம் அடுப்படியில் இருந்த அந்தச் சிநேகிதி யார் என்று இனி கேட்க மாட்டேன். ஒன்றை மட்டும் சொல். என் இடத்தில் நீதானே நின்றாய்?

லோகே


புட்வல்
2080 ஃபால்குன் 2

பிரியமுள்ள லோகே,

நான் சுகம். நீ அழுததைப் படித்த நாளிலிருந்து உன் ஞாபகமாகவே இருக்கிறேன்.

ஆமாம், நான்தான் கழுவினேன். அதற்கென்ன இப்போது? இரண்டு பேரில் ஒருவர் படிக்கலாம், ஒருவர் கடையில் நிற்க வேண்டும் என்று உன் அத்தான் சொன்னார். நான் ஏற்கெனவே படித்திருந்தேன். கணக்கு சுலபமாக இருந்தது. உனக்குச் சொல்லியிருந்தால் நீ புத்தகத்தை மூடியிருப்பாய்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர் வேண்டும் என்று பலகை போட்டிருந்தார்கள். விண்ணப்பிக்க ஒரு தாள் எழுதினேன். நம் ஊர் முறை எனக்கு மறந்தே போயிற்று, அதனால் நீ சொன்ன முறையில் எழுதினேன். உனக்கும் ஒரு பிரதி எழுதுகிறேன், பிழை இருந்தால் சொல்.

2070 பைசாக். ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன்.
2074 சாவன். சொந்தக் காரணங்களால் விலகினேன்.
அதே மாதம். சாப்பாட்டுக் கடையில் சேர்ந்தேன். சமையல், சாமான் வாங்குவது, ஆட்களை வேலை வாங்குவது, பாத்திரம்.
2080 அசோஜ். சொந்தக் காரணங்களால் விலகினேன். இப்போது வேலைக்கு வர முடியும்.
                                        அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "இது என்னம்மா, கடைசியில அவ்வளவுதான்னு போட்டிருக்கீங்க? கோபமா?" என்று கேட்டார். ஜப்பானில் அப்படித்தான் சார், என் தம்பி இருக்கிறான் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விருப்பக் கட்டத்தில் மட்டும் உன் டீச்சர் பேச்சைக் கேட்கவில்லை. என்னை யாரும் கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டது, லோகே. கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு எழுதாதே என்றால் எப்படி? எனக்குப் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும் என்று எழுதினேன்.

சைத் கடைசியில்தான் சொல்வார்களாம், உன் கணக்கில் ஏப்ரல் நடுவில். என்னைவிட வயசில் சின்னவர்கள் பலர் வந்திருந்தார்கள். கிடைக்காவிட்டால் சந்திரகலாவிடம் பொத்தான் தைக்கக் கற்றுக்கொள்கிறேன்.

அந்த அம்மாள் டீ கொடுத்தாள் அல்லவா? அது போதும். நல்ல மனுஷி.

அக்கா


பெப்பு
ரெய்வா 6, மார்ச் 3

அன்புள்ள அக்கா,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்தாயா? விடுதியிலிருந்து கடிதம் வந்தபோது பிரார்த்தனை வரி எங்கே என்றுதான் முதலில் தேடினேன். இல்லை. திரும்பத் திரும்பப் படித்தும் நம்பிக்கை வராமல் தோவானிடம் நீட்டினேன். அவன்தான் கத்தினான். ஏப்ரலில் வரவேற்பு மேசையில் சேர வேண்டும். விசாவுக்கான காகிதத்தை அவர்களே கொடுக்கிறார்கள். என்னை ஏன் எடுத்தீர்கள் என்று அந்த அம்மாளிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டாலும் புரிகிற மாதிரி சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன்.

இன்று சேர்க்கைத் தாள்களில் கையெழுத்துப் போட வந்தேன். மறுபடி கட்டங்கள், மறுபடி கருப்புப் பேனா. அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் என்று ஓர் இடம் இருந்தது. பெயர் துல்சா ராணா. உறவு அக்கா. முகவரியில் தையல் கடை மாடி. அடுத்தது, அவர் பார்க்கும் வேலை.

விடுதி அம்மாள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். உன் தலைமையாசிரியர் இன்னும் பதில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சைத் முடிய நாள் இருக்கிறது என்றும் தெரியும்.

'ஆசிரியை' என்று எழுதிவிட்டேன். கோடு ஒன்றுகூடப் பிசகவில்லை.

இங்கே அழித்து எழுதக் கூடாது அக்கா. பார்த்துக்கொள்.

உன் தம்பி,
லோகே